சும்மாச் சட்டமும் ஒரு தாலாட்டும்

தூர்வாரிக்கு அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே இருந்தது. சுவர் வரை போகும், காலி வாளியைத் தூக்கும், இறக்கும், திரும்பும். கோவில்பட்டியின் ஆடி மாதத்து மத்தியான வெயில். காக்காய்கூட நிழல் தேடி ஒதுங்கும் நேரம். வாய்க்கால் தூர்வாருவதற்கென்று பிறந்த இயந்திரம் தூசியைக்கூட வாராமல் உலாத்திக்கொண்டிருந்ததைப் பார்க்க முப்பிடாதிக்கு எரிச்சலாக வந்தது.

"இது நடந்த நடைக்குத் திருச்செந்தூருக்கே போயிட்டு வந்திருக்கலாம்," என்றான் ஜெபஸ்டின். பள்ளியின் இயந்திர அணியில் கட்டளை எழுதுவது அவன் வேலை. இரும்பும் திருகாணியும் முப்பிடாதியின் பொறுப்பு. இருவரும் பதினொன்றாம் வகுப்பு.

"நிறுத்திப் பாரேன். திங்கக்கிழமை வந்து பாத்தா முட்டி இருக்காது."

அவன் நிறுத்தவில்லை. போன வருடம் பட்ட சூடு அப்படி. மாதத் தேர்வுக்காக இயந்திரத்தை மூலையில் நிறுத்திவிட்டுப் படிக்கப் போனார்கள். திரும்பி வந்தால் வலது தோளைக் காணோம். ஒற்றைத் தோளோடு போட்டிக்குப் போனபோது மதுரை முழுக்கச் சிரித்தது.

யாரும் திருடவில்லை. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. காந்தமண்ணுக்கும் செம்புக்கும் மலைகளைத் தோண்டித் தோண்டிக் கடைசியில் தோண்ட மலை இல்லாமல் போகும் நிலை வந்தபோது, இனிமேல் தோண்டுவதில்லை என்று நாடுகள் எல்லாம் கூடி முடிவெடுத்தன. அன்றோடு புதுக் கணு என்ற பேச்சே இல்லை. கணு என்பது மோட்டாரும் மூட்டும் ஒரு துளி மூளையும் சேர்ந்த, உள்ளங்கையில் அடங்கும் உருளை. சுற்றவும் மடங்கவும் வேண்டிய எதற்கும் அதுதான் உயிர். மின்விசிறியிலும் அதே கணு, கிரைண்டரிலும் அதே கணு, நடக்கமுடியாதவர்கள் காலில் மாட்டும் முட்டுச்சட்டத்திலும் அதே கணு. இருக்கிற கணுக்களை ஊரே மாற்றி மாற்றிப் புழங்கவேண்டும். அதற்காக வந்தது அசையாப் பொருள் மீட்புச் சட்டம். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்ல யாருக்குப் பொறுமை? ஜனங்கள் அதைச் சும்மாச் சட்டம் என்றார்கள்.

விதி எளிது. உழைக்கும் கணுவில் பச்சை விளக்கு எரியும். சும்மா கிடந்தால் மஞ்சள். மஞ்சள் முற்றி நீலமானால், வரிசையில் காத்திருக்கும் யாருக்கோ அது பேசி முடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கணுக்களைப் பங்கிடும் களஞ்சியத்திலிருந்து கொத்தி பறந்து வரும். தேங்காய் அளவு உடம்பும் திருப்புளி மூக்கும் கொண்ட அந்தப் பறக்கும் கருவி நாலு சுற்றுச் சுற்றும், கணு கழன்றுவிடும்.

அருமையான சட்டம்தான். ஆனால் நம் ஜனங்களிடம் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, சும்மா இருந்தால் பிடுங்குவேன் என்று சொன்னால் என்ன செய்வார்கள்? ஆளில்லாத வீடுகளில் மின்விசிறி சுற்றியது. கிரைண்டர்கள் வெறும் தண்ணீரை அரைத்தன. வறண்ட கிணற்றில் பம்புசெட்டுகள் காற்றை இறைத்தன. மலையைக் காப்பாற்ற வந்த சட்டம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

முப்பிடாதிக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான். அவர்கள் அணி பசுமைக்குப் பேர்போன அணி. எதையும் முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் இரும்பில் செய்வார்கள். தூர்வாரியின் உடம்பு உடைந்த சைக்கிள். கம்பிகள் கோயில் கொடைத் திருவிழாவில் மிஞ்சிய சீரியல் விளக்குக் கம்பிகள். பசை போட்டு ஒட்டியது என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பயன்படுத்தலாம். இவ்வளவும் செய்து, இந்த வெட்டி நடையால் போட்டியின் மின்சாரக் கணக்கில் புள்ளிகள் போய்க்கொண்டிருந்தன. எல்லா அணிகளுக்கும் இதே கதிதான் என்பதில் அவளுக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

வீட்டிலும் கணுப் பேச்சுதான். அவள் அப்பா கருத்தப்பாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். சாயங்காலம் கல்லுக்கு முன்னால் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்கவேண்டும். நின்று நின்று வலது முட்டி தேய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முட்டுச்சட்டம் கொடுத்துவிட்டார்கள். அதில் மாட்டும் கணுவுக்குத்தான் வரிசை. கணு இல்லாத சட்டம் வெறும் இரும்பு.

"ஆவணிக்குள்ள வந்துரும்னு சொல்லுதாக," என்றார் அன்று காலை, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே. "முதலாளியும் தீபாவளி வரைக்கும் பாப்போம்னுட்டார். எனக்கு அடுத்த ஆளு எட்டயபுரத்துச் சண்முகவடிவு. சத்துணவுல சமைக்கிற பிள்ள. பாவம், அதுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. தெனமும் போன் போட்டு, 'அண்ணாச்சி, வரிசை நகந்துச்சா'ன்னு கேக்கும்."

"வந்துரும்ப்பா," என்றாள் முப்பிடாதி.

அப்பாவின் கணுவும் தூர்வாரியின் கணுவும் ஒரே களஞ்சியத்திலிருந்து வருபவை என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது ஆஸ்பத்திரி, இது பள்ளிக்கூடம். மனசுக்குள் தனித்தனிப் பெட்டியில் கிடந்தன.

வழி தானாக வந்தது. ஒரு நாள் தூர்வாரியை நிறுத்தி முட்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். விளக்கு மஞ்சளில் இருந்தது. வெளியே ஜல்லி லாரி ஒன்று கடகடவென்று போக, தரை அதிர்ந்தது. மஞ்சள் ஒரு கணம் பச்சையாகி மறுபடி மஞ்சளானது. அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஏ ஜெபஸ்டின். கணு தான் வேலை செய்றத எத வச்சித் தெரிஞ்சிக்கிடுது?"

"உள்ள வர்ற நடுக்கத்த வச்சி. ஏன்?"

"அப்ப நடக்க வேண்டாம்ல. நடுங்குனாப் போதும்ல!"

பழைய கைப்பேசியிலிருந்து அதிரும் துண்டைக் கழற்றினாள். தூர்வாரி வராந்தாவில் நடக்கும்போது முட்டியில் உண்டாகும் நடுக்கத்தை ஜெபஸ்டின் பதிவு செய்து அந்தத் துண்டில் ஏற்றினான். ரப்பர் பேண்டால் அதைக் கணுவோடு கட்டினார்கள். தூர்வாரி அசையாமல் நின்றது. கணு மட்டும் தூக்கத்தில் முனகுகிற மாதிரி மெல்ல முனகியது. பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது. கைக்கடிகாரத்துக்கு வேண்டிய மின்சாரம் இதற்குப் போதும். முப்பிடாதி அதற்குத் தாலாட்டு என்று பெயர் வைத்தாள்.

அணியின் பொறுப்பாசிரியை பியூலா டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது ஏமாத்து வேலை இல்லையா?"

"சும்மா வராந்தால நடக்கவிட்டா நெசம், நின்ன எடத்துல நடுங்கவிட்டா பொய்யா டீச்சர்? ரெண்டுலயும் வாய்க்கால் தூர்வாரல. இதுல கரண்டாச்சும் மிச்சம்."

உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்விக்குச் சட்டத்திடமே பதில் இல்லை. டீச்சர் போட்டி விதிகளைப் புரட்டினார், எங்கேயும் தடை இல்லை என்றார், இரண்டு பேர் முதுகிலும் தட்டிக்கொடுத்தார்.

ஆவணியில் மதுரையில் மாநிலப் போட்டி. மற்ற அணிகளின் இயந்திரங்கள் மைதானத்து ஓரமாக முறை வரும்வரை குந்தி எழுந்துகொண்டும் கைவீசிக்கொண்டும் இருந்தன, மார்கழிப் பனியில் நிற்கிறவர்கள் மாதிரி. தூர்வாரி மட்டும் சாதுவாக நின்றது. கூப்பிட்டபோது போனது, வாரியது, வந்து மறுபடி நின்றது. தூர்வாருவதில் அவர்களுக்கு மூன்றாவது இடம்தான். ஆனால் பசுமை விருது, போட்டியின் பெரிய விருது, அவர்களுக்கே. நடுவர் குழுத் தலைவி மேடையில் மின்சாரக் கணக்கைப் படித்துவிட்டு, "இது எப்படி சாத்தியம் என்று எனக்கே புரியவில்லை," என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. வென்ற அணி மேடையிலிருந்து இறங்கியதும் தன் உத்தியை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும். விருந்து வைப்பது என்று அதற்குப் பெயர். ஒரே உத்தியை நூறு அணிகள் தனித்தனியாகக் கண்டுபிடித்து, நூறு மடங்கு பொருளை வீணாக்குவானேன் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த வழக்கம். ஒளித்து வைக்கிற அணியோடு அடுத்த வருடம் யாரும் பேசமாட்டார்கள். முப்பிடாதி ஒளிக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ரப்பர் பேண்டு கட்டுவதுவரை காட்டிக்கொடுத்தாள். வால்பாறையிலிருந்து வந்த ஒரு பெண் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இனிமே ராத்திரி நாங்க தூங்கலாம் அக்கா," என்றாள். முப்பிடாதிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாழ்நாளில் இதைவிடப் பெரிய சந்தோஷம் வராது என்று அப்போது நினைத்தாள்.

பிள்ளைகள் தாலாட்டை ஊருக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக் கிரைண்டருக்குக் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், அவருக்கும் ஒன்று செய்துகொடுத்தார்கள். புரட்டாசிக்குள் பஸ் ஸ்டாண்டு வாசலில் கைக்குட்டை, சீப்பு விற்கிறவர்கள் தாலாட்டும் விற்றார்கள். வெட்டியாக ஓடிய இயந்திரமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. ஒரு அணைக்கட்டின் மின்சாரம் மிச்சமானது என்று செய்தி வந்தது. கோவில்பட்டித் தெருக்களில் வீட்டுக்குள் பேசுவது வாசலில் கேட்கும் அளவுக்கு அமைதி. முப்பிடாதியின் படம் பேப்பரில் வந்தது. அப்பா அதை வெட்டி, பரோட்டாக் கடைச் சுவரில் சோற்றுப்பசையால் ஒட்டினார்.

ஆவணியில் வரவேண்டிய கணு புரட்டாசியிலும் வரவில்லை.

"கொஞ்சம் லேட்டாம்," என்றார் அப்பா. ஐப்பசி பிறந்தபோது அதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் கடைக்குக் கிளம்பும்போது வாசற்படியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறங்கினார். கல்லுக்கு முன்னால் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்பதை முப்பிடாதி எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தாள். மாவை வீசும்போது மட்டும் பழைய அப்பாவாக இருந்தார். வீசி முடித்ததும் பல்லைக் கடித்தார்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகக் களஞ்சியத்துக்குப் போனாள். பொறுப்பாளர் நடுவயதுப் பெண், வேலை இல்லாத களைப்போடு உட்கார்ந்திருந்தார். பின்னால் தட்டுகள் மோடுவரை காலியாக இருந்தன. கூரைக் கம்பியில் கொத்திகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றும் பறக்கவில்லை.

"எங்கப்பாவுக்கு ஒரு கணு வரணும். வரிசை நகரவே மாட்டேங்குது."

"எங்கிருந்தும்மா நகரும்? முன்னால எல்லாம் கரண்டுச் செலவு தாங்காம பாதிப் பேரு வெறுத்துப்போயி விட்டுருவாங்க. இப்ப பாரு, ஊருல உள்ள அம்புட்டுக் கணுவும் பச்சையில இருக்கு. திடீர்னு எல்லாரும் உழைப்பாளி ஆயிட்டாக. சந்தோஷப்பட வேண்டியதுதான்." பொறுப்பாளர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "உன்ன எங்கயோ பாத்திருக்கேனே. பேப்பர்ல வந்த பிள்ளதான நீ?"

முப்பிடாதி காலித் தட்டுகளை மறுபடி அண்ணாந்து பார்த்தாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையை எத்தனையோ முறை கேட்டுச் சிரித்திருக்கிறாள். சும்மா கிடந்ததைச் சும்மா இல்லை என்று ஊதியவள் தான்தான் என்று அங்கே நின்றபோது புரிந்தது. மின்சாரத்தை வீணடித்த அந்தப் பழைய கூத்தில், கட்டணம் வலித்தாவது ஜனங்கள் பொருளை விட்டார்கள். அவள் அந்த வலியை எடுத்துவிட்டாள்.

அணியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தையில் தேசியப் போட்டி இருந்தது. ஜெபஸ்டின் தூர்வாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முட்டி ரெண்டையும் விட்ருவோம். தோளு இருக்கட்டும். ஒக்காந்தே வாரட்டும்," என்றான். ரப்பர் பேண்டுகளை அவிழ்த்தார்கள். விளக்கு மஞ்சளாகி, நீலமாகி, கொத்தி வந்து இரண்டு முட்டிகளையும் கழற்றிக்கொண்டு போனது. வரிசையின் தலையில் இருந்த இரண்டு பேருக்கு அவை போய்ச் சேர்ந்தன. அப்பா இரண்டு இடம் முன்னால் வந்தார்.

விருந்து உண்ட அணிகளுக்கெல்லாம் எழுதினாள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வந்தது: போட்டி முடியட்டும் அக்கா, உடனே விட்டுவிடுகிறோம். சில அணிகள் விட்டன. வால்பாறைப் பெண் விட்டாள். அணிகள் விடலாம், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக் கட்டிய ஜனங்களுக்கு யார் எழுதுவது? வரிசை நத்தையாக நகர்ந்தது. தீபாவளி வந்தது, போனது. கார்த்திகையில் கல்லுக்கு முன்னால் வேறொரு மாஸ்டர் நின்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. கடைக்குப் பின்கட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற வேலையை அப்பாவுக்குக் கொடுத்தார். "கண்ணுல தண்ணி வந்தா வெங்காயம்னு சொல்லிக்கிடலாம்," என்று அப்பா வீட்டில் வந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கணு மார்கழியில் வந்தது. கொத்தி வாசலில் இறங்கி அதை அப்பாவின் கையிலேயே வைத்தது. அம்மா சூடம் கொளுத்தினாள். அப்பா முட்டுச்சட்டத்தை மாட்டிக்கொண்டு தெரு பார்க்க இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். முப்பிடாதி கூடவே நடந்தாள். இரண்டு மாதமாக அவள் நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது.

தை பிறந்தது. தேசியப் போட்டிக்குத் தூர்வாரி உட்கார்ந்த நிலையில் போய்வந்தது. இடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊர் திரும்பிய அன்று காலையில் பையை வைக்க அறைக்குள் போனவள், கதவுக்குப் பின்னால் ஒரு முனகலைக் கேட்டாள். யாரும் சொல்லத் தேவையில்லாத முனகல். அவளும் ஜெபஸ்டினும் பதிவு செய்ததுதான். கதவைச் சாத்திப் பார்த்தாள். ஆணியில் அப்பாவின் முட்டுச்சட்டம் தொங்கியது. கணுவில் ஒரு தாலாட்டு, ரப்பர் பேண்டால் நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

அப்பா திண்டில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா இது இங்க தொங்குது? மாட்டலையா?"

"உக்காந்து வெங்காயம் உரிக்கிறவனுக்கு அது எதுக்குத்தா? தொடையில வேற உரசுது. கல்லுல அந்தப் பையன் நல்லாத்தான் வீசுறான். அவன எறக்கிட்டு நான் ஏறவா முடியும்?"

"அப்ப விட்ருக்கலாம்லப்பா."

"விடுறதா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, எனக்காகத்தான் நீ ஒன் மெஷினு முட்டியக் கழத்திக் குடுத்தேன்னு பியூலா டீச்சர் சொல்லிட்டாக. நொண்டி மெஷின வச்சிக்கிட்டு நீ எங்க செயிக்க? அடுத்த போட்டிக்கு இத எடுத்துக்கோ. அதுவரைக்கும் கொத்தி தூக்காம நான் பாத்துக்கிடுதேன். பஸ் ஸ்டாண்டுல வாங்கிக் கட்டினேன். எம்மக கண்டுபிடிச்சதுன்னு சொன்னேன், அந்த யாவாரி நம்ப மாட்டேன்னுட்டான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. முப்பிடாதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

"சண்முகவடிவு அக்காவுக்கு வந்துட்டாப்பா?"

"எங்க வந்துச்சு? இப்பதான் போன் போட்டுச்சு. ஊருல ஒரு கணுகூடச் சும்மா இல்லையாம்மா, எல்லாம் வேலையில இருக்காம், பொறுத்துக்கோன்னு சொன்னேன்." அப்பா பெருமூச்சு விட்டார். "நல்ல பிள்ள. ரெண்டு முட்டியும் போச்சு."

பிறகு, கொஞ்சம் தள்ளு தாயி என்று எழுந்து, சுவரைப் பிடித்து நொண்டி நொண்டிக் கதவருகே போய், தளர்ந்திருந்த ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டார்.